சிவப்பு சுவிட்ச்

பங்காருபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் மருந்தடிக்கிற டிரோன் விழுந்து, அதை ஓட்டியவளின் புருஷனுக்கு வலது கை முறிந்துபோனது. மா பூவெடுக்கிற பருவம். தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவள் தேவசேனா, நகரிக்காரி. கை முறிந்தவன் சுரேஷ்பாபு, நாயுடுபேட்டைப் பக்கத்துத் தெலுங்குப் பையன். டிரோன் ஏன் விழுந்தது என்று விசாரித்து எழுதிக் கொடுக்கும் பொறுப்பு சித்தூர் அசரியாவிடம் வந்து சேர்ந்தது.

அசரியா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரேணிகுண்டா பக்கத்தில் டிரோன் ஓட்டக் கற்றுத்தரும் நிலையம் ஒன்று உண்டு. தன்னிடம் படித்தவர்கள் ஓட்டுகிற டிரோன் எங்கே விழுந்தாலும் அந்த நிலையம் அவரைத்தான் அனுப்பும். எதையும் வரிசையாகச் செய்கிற மனிதர் அவர். முதலில் இயந்திரத்தைப் பார்ப்பார், அப்புறம் இடத்தை, அப்புறம்தான் ஆட்களை. ஆட்களையும் தனித்தனியாகத்தான் உட்காரவைத்துக் கேட்பார். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, எழுதுவது இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது ஒரு சிரமமே இல்லை. சிரமம் இல்லாமல் இருந்ததுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

இயந்திரம் ஒளிக்காமல் சொல்லிவிட்டது. டிரோனுக்குள் ஒரு சின்னப் பெட்டி, பறந்ததையெல்லாம் பதிந்து வைத்துக்கொள்ளும். பேட்டரி நன்றாக இருந்தது. காற்று அதிகமில்லை. மோட்டார்கள் எல்லாம் சரியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு கையிலிருக்கும் ரிமோட்டிலிருந்து ஒரு உத்தரவு போயிருக்கிறது. எல்லா மோட்டார்களும் ஒரே சமயத்தில் நின்றிருக்கின்றன.

அந்த ரிமோட்டில் இரண்டு சுவிட்சுகள் முக்கியமானவை. இடது பக்கத்துப் பட்டனை அழுத்தினால் டிரோன் போகிற போக்கை விட்டுவிட்டு அந்தரத்தில் அப்படியே நிற்கும். வலது பக்கம் மேலே இருப்பது சிவப்பு சுவிட்ச். அது மோட்டார்களை அணைத்துவிடும். தரையில் இறங்கிய பிறகு தொடவேண்டியது அது. ஆகாயத்தில் இருக்கும்போது தொட்டால் மருந்துத் தொட்டியோடு சேர்ந்து கல் மாதிரி விழும். தேவசேனா தொட்டது சிவப்பை.

ஆகவே ஒரே கேள்விதான் மிச்சமிருந்தது. கை தவறியதா, வேண்டுமென்றே செய்ததா. கை தவறியது என்றால் ஒரு எச்சரிக்கையோடு போகும். வேண்டுமென்றே என்றால் அவள் ஓட்டும் சர்டிபிகேட் போய்விடும். அதோடு, கட்டின புருஷன் தலைக்கு நேராக டிரோனைத் தள்ளினவள் என்கிற பெயரும் நிற்கும்.

அந்தப் பெயரைத் தோப்புக் காவல்காரர் செங்கல்வராயன் அதற்குள் வைத்தேவிட்டார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் அசரியா.

"பாக்காம இன்னா சார். இதோ இந்த மரத்தடியில குந்திக்கினு களி துன்னுக்கினு இருந்தேன். அந்தப் பையன் அங்க, கரண்ட் கம்பி போவுது பாருங்க, அதுக்குக் கிட்ட நின்னுக்கினு இருந்தான். கம்பியில மாட்டிக்காம பாத்துக்கறது அவன் வேலை. மிஷினு அவன் தலைக்கு நேரா வந்துச்சு. வந்துச்சு, தொப்புனு வுட்டா."

"விட்டாளா, விழுந்ததா?"

"காத்தால சண்டை சார். நான் சும்மா தமாஷுக்குத்தான் கேட்டேன். இன்னாப்பா, பொண்டாட்டி ஏரோப்ளான் ஓட்டறா, நீ தண்ணி ரொப்பிக்கினு கீறியேன்னு. அவனுக்கு சுர்ருனு ஏறிடுச்சு. என்னாண்ட காட்ட முடியுமா? அவகிட்ட காட்டுனான். அவ சொல்றா, புடிக்கலன்னா லாரி ஓட்டப் போ, யார் வேணாம்னாங்கன்னு. அத்தினி பேர் எதிர்ல. சொல்லி ஒரு நாழி ஆவல, மிஷினு அவன் மேல கீது. நீங்களே கூட்டிக் கழிச்சிக்கோங்க."

"அவன் ஏதாவது கத்தினானா?"

"கத்துனான். என் காது இந்த வயசுல எங்க சார் கேக்குது. நீங்க பேசறதே உங்க வாயைப் பாத்துத்தான் புரிஞ்சிக்கினு கீறேன்."

அசரியா அந்தக் கம்பியையும், ஒடிந்து தொங்கிய மாங்கிளையையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் சுரேஷ்பாபு கையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தேவசேனா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, "பாவா, சார் வந்துகிறாரு" என்றாள். புருஷனைக் கூப்பிட நாயுடுபேட்டை மாமியார் வீட்டில் கற்றுக்கொண்ட அந்தத் தெலுங்குப் பாவாவை, அவள் நகரித் தமிழுக்கு நடுவில் வைத்துச் சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது. அசரியா முறைப்படி அவளை வெளியே இருக்கச் சொன்னார். அவள் உரித்த சுளைகளைப் புருஷனின் இடது கையில் வைத்துவிட்டுப் போனாள்.

சுரேஷ் தெலுங்கில் சொன்னான். டிரோன் கம்பிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் நிறுத்தச் சொல்லிக் கத்தினான். இரண்டு முறை கத்தினான். அவள் நிறுத்துவாள், டிரோன் அங்கேயே நிற்கும் என்று அதற்கு அடியிலேயே நின்றிருந்தான். அது அவன் மேல் வந்து விழுந்தது.

"அவள் ஏன் சிவப்பைத் தொட்டாள் என்று நினைக்கிறாய்?"

அவன் சுளையை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். "பயத்தில் கை மாறியிருக்கும் சார். வேறென்ன."

அசரியா இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். நிறுத்தும்படி கத்தினேன்.

பிறகு தாழ்வாரத்தில் தேவசேனாவைக் கேட்டார். அவள் தமிழில் சொன்னாள். "அவரு ஆஃபுன்னாரு சார். நான் ஆஃப் பண்ணேன். கம்பியைத் தொட்டுட்டா தோப்பே பத்திக்கும், அதான் அணைக்கச் சொல்றாருன்னு நினைச்சேன். யோசிக்கக் கூட இல்ல. அவரு சொன்னாரு, கை போயிடுச்சு."

அசரியா அதையும் எழுதிக்கொண்டார். அணைக்கும்படி கத்தினார், அணைத்தேன்.

எழுதி முடித்துப் பார்த்தபோது இரண்டும் மோதின. ஒருவர் நிறுத்தச் சொன்னேன் என்கிறார், இன்னொருவர் அணைக்கச் சொன்னார் என்கிறார். மோதுகிற இடத்தில் திரும்பக் கேட்பதுதான் முறை. அவர் முறைப்படியே செய்தார்.

"அணைக்கச் சொல்லவே இல்லை, நிறுத்தத்தான் சொன்னேன் என்கிறாரே அம்மா உன் வீட்டுக்காரர்."

"அப்படியா சொல்றாரு?"

"எழுதியே இருக்கிறேன்."

"சார், நான் பொய் சொல்லல. அவரு வாயில வந்த வார்த்தையைத்தான் சொல்றேன். அவரு சொல்லித்தான் நான் செஞ்சேன். இப்ப அவரு தப்பிச்சிக்க..." என்று நிறுத்திக்கொண்டாள். எதிலிருந்து தப்பித்துக்கொள்ள என்று அவளுக்கே தெரியவில்லை.

அசரியா திரும்ப உள்ளே போய் சுரேஷிடமும் கேட்டார். அதே நிதானம், அதே குரல். "நீதான் அணைக்கச் சொன்னாய் என்கிறாளே அப்பா."

அன்று காலை செங்கல்வராயன் அவனைப் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார். வெற்றிலையோடு சேர்த்துத் தன் கணக்கையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை அவன் அதுவரை வாய்க்குள் போடாமல்தான் வைத்திருந்தான். இப்போது அது உள்ளே இறங்கியது.

"நான் சொன்னேனாமா? என் தலைக்கு மேல் இருக்கும் மிஷினை அணை என்று நானே சொல்வேனா சார்?"

அவன் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அசரியாவுக்கும் அப்படித்தான் பட்டது. அப்படிப் பட்டதை முகத்தில் மறைக்காமல் விட்டது ஒரு தவறு என்று பிற்பாடு நினைத்துக்கொண்டார்.

தேவசேனா உள்ளே வந்தபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளைப் பார்க்காமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "என் மேலேயே போட்டுட்டு, பழியையும் என் மேலயே போடறியா." அவள் அம்மா ரத்னம்மா கையில் சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் வாசலில் வந்து நின்றாள். அவள் காதிலும் அது விழுந்தது.

"பொய்க்காரன்" என்றாள் தேவசேனா. தாயோடு நகரிக்குப் போய்விட்டாள்.

அசரியா அறிக்கையை முடித்துவிட்டிருக்கலாம். இயந்திரம் சொன்னது இருந்தது, சாட்சி இருந்தது, மனைவி சொன்னது நம்பும்படி இல்லை என்கிற முடிவும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. ஆனால் தேவசேனா கையெழுத்துப் போடாமல் போயிருந்தாள். கையெழுத்து இல்லாமல் அவருக்கு எதுவும் முடிந்ததாக ஆகாது. நகரிக்கு பஸ் ஏறினார்.

தெருவுக்குள் நுழைந்ததுமே விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. வீட்டின் முன்பாதி குடியிருப்பு, பின்பாதி தறிக் கொட்டகை. தேவசேனா சுவரோரம் பாபின் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழுந்தாள், வா என்று சொல்லவில்லை. ரத்னம்மா ஓடுகிற இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. பிறகு அடுத்த தறியில் நின்ற பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அடியே, ஆப்பு. ஆப்புடீ."

அந்தப் பெண்ணின் கை சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டியது. தறி பொத்தென்று நின்றது. ரத்னம்மா தன்னுடையதையும் தட்டி அணைத்தாள். காது திறந்தது.

"இப்ப சொல்லுங்க சார். இன்னும் இன்னா எழுதணும் எம் பொண்ணப் பத்தி?"

அசரியா சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"இன்னா சொன்னேன்? தறியை ஆப்பச் சொன்னேன். நீங்க பேசறது கேக்கணுமில்ல."

"ஆப்பு என்றால் நிறுத்துவதா, அணைப்பதா?"

ரத்னம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே. ஆப்பாம எப்பிடி நிறுத்தறது?"

"அது தெலுங்கா, இங்கிலீஷா?"

"எந்தப் பாஷையா இருந்தா இன்னா சார், தறி நின்னுச்சில்ல."

தெலுங்கில் ஆப்பு என்றால் நிறுத்து. அந்தப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தவும் அதுதான், பேச்சை நிறுத்தவும் அதுதான். இங்கிலீஷ் ஆஃப், தறிக்கொட்டகைக்குள் வந்ததும் ஆஃபு ஆகி, ஆப்பு ஆகி, தெலுங்கு ஆப்போடு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. தறிக்கு அதில் கஷ்டமில்லை. அணைத்தால் நிற்கும், நிறுத்த வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். டிரோனுக்கு மட்டும்தான் இரண்டும் வேறுவேறு.

"தேவசேனா," என்றார், "டிரோன் கீழே இறங்கினதும், மருந்து ரொப்ப வருவதற்கு முன்னால், அவர் உன்னிடம் என்ன சொல்வார்?"

அவள் இவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "ஆப்புன்னுவாரு. நான் சிவப்பைப் போடுவேன். ரெக்கை நின்னப்புறம்தானே கிட்ட வர முடியும். ஒரு நாளைக்கு எத்தினி தபா இறக்கறோமோ அத்தினி தபாவும் அதான்."

"மேலே பறக்கும்போது?"

"மேல பறக்கறப்போ அவரு எதுக்கு சொல்லணும்? அன்னிக்குத்தான் சொன்னாரு."

அசரியா பையைத் திறக்கவில்லை. கையெழுத்தும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்கள். அவன் தெலுங்கில் சொன்ன ஆப்பை அவர் நிறுத்து என்று எழுதினார். அவள் தமிழில் சொன்ன அதே ஆப்பை அணை என்று எழுதினார். அவர்கள் வாயில் இல்லாத சண்டையை அவர் இங்கிலீஷில் உண்டாக்கி, அதை எடுத்துக்கொண்டு போய் ஒருவர் பேரில் மற்றவரிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு பாஷையும் தெரியாத ஒருவன் போயிருந்தால், என்ன வார்த்தை என்று கேட்டிருப்பான். இவருக்கு இரண்டும் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சித்தூரில் மனைவி கிருபாபாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிருபாபாய் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டியைத் தனித்தனியா வெச்சுக் கேட்டா வேற என்னங்க வரும்? ஒண்ணா உக்கார வெச்சிருந்தா அங்கயே, ஏய் நான் அதையா சொன்னேன்னு முடிஞ்சிருக்கும்."

"முறை அப்படி இல்லை கிருபா."

"சரி, இப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க. நாளைக்கே போங்க. ரெண்டு பேர்கிட்டயும்."

"இப்போது சொன்னால் அது என் யூகம்தான். நிலையத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேரையும் ரேணிகுண்டாவுக்கு வரவழைத்து ஒரு பரிசோதனை செய்யவேண்டும். அவன் கத்தட்டும், அவள் கை எங்கே போகிறது என்று பார்க்கிறேன். முன்னாலேயே சொல்லிவிட்டால் அவள் யோசித்துச் செய்வாள், பரிசோதனை செல்லாது."

"செல்லாமப் போவட்டுமே."

"அவள் சர்டிபிகேட் போய்விடும்."

கிருபாபாய் ஒரு சட்டையை உதறினாள். "சர்டிபிகேட்டைத்தான் பாக்கறீங்க" என்றாள். அவள் சொன்னது சரி என்று அசரியாவுக்கு அப்போதே உள்ளூரத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் முறைப்படியே போனார். பரிசோதனை முடிந்ததும் தானே எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பரிசோதனை, ரேணிகுண்டா நிலையத்து மைதானத்தில் நடந்தது. சுரேஷ்பாபு திருப்பதியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினான், கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தான். தேவசேனா நகரி பஸ்ஸில் வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், விசாரித்துக்கொள்ளவில்லை. அவன் முகம் ஷேவ் செய்யாமல் இருந்ததை அவள் பார்த்தாள். இடது கையால் செய்துகொள்ள வராது என்று அவளுக்குத் தெரியும்.

விழுந்த டிரோனைப் போலவே வேறொன்றை மேஜை மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். இறக்கைகளைக் கழற்றியிருந்தார்கள், மோட்டார் மட்டும் சுற்றும். தேவசேனாவின் கையில் ரிமோட். சுரேஷை மைதானத்தின் மறு கோடியில் நிறுத்தி, அசரியா அவன் காதில் சொன்னார். "நான் கைக்குட்டையை எடுத்தால், அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையை அதே மாதிரி சொல்லு." தேவசேனாவிடம், "பறப்பது மாதிரி நினைத்து ஓட்டிக்கொண்டே இரு, தோப்பில் செய்வதைத்தான் செய்ய வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

மோட்டார்கள் கூவின. பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் ஏறி, தலைக்கு மேல் போயிற்று. அதன் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து, அசரியா கைக்குட்டையை எடுத்தார்.

"ஆப்பு" என்று கத்தினான் சுரேஷ். "ஆப்பு, ஆப்பு."

தேவசேனாவின் வலது விரல் சிவப்பு சுவிட்சைத் தட்டியிருந்தது. அவள் கண் இன்னும் டிரோன் மேலேயே இருந்தது. விரல் போனது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. மோட்டார்கள் ஒன்றாக நின்றன.

சுரேஷ் அங்கிருந்தே பார்த்தான். பிறகு மெதுவாக நடந்து வந்தான். அசரியா அப்போதுதான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். வார்த்தை ஒன்று, அர்த்தம் இரண்டு, இதில் யார் சொன்னதும் பொய் இல்லை, தன் எழுத்தில்தான் பிசகு என்று தெலுங்கில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் சொன்னார். தன் சார்பில் மன்னிப்பும் கேட்டார். இருவரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"தேவி," என்றான் சுரேஷ், "நான் நில்லுன்னுதான் சொன்னேன். இது இப்பிடின்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்கு மட்டும் தெரிஞ்சிதா?"

"அது... அந்தக் கிழவன் வந்து ஏதேதோ பேசிட்டுப் போனான். சார் வேற வந்து அப்பிடிச் சொன்னார்."

"கிழவன் சொன்னான், நம்புன. சார் சொன்னாரு, நம்புன. இப்ப மிஷினு சொல்லுச்சு, நம்பற. நான் சொன்னப்போ சுவத்தைப் பாத்துக்கினு கெடந்தே."

"நீயும்தான் என்னைப் பொய்க்காரன்னே."

"சொன்னேன்." அவள் ரிமோட்டை மேஜை மேல் வைத்தாள், மெதுவாகத்தான் வைத்தாள். "எங்கம்மா எதிர்லயே சொன்னேன். கை ஒடிஞ்சிகினு கெடக்கிற ஆளைப் போய் அப்பிடிச் சொன்னோமேன்னு, அன்னியிலேந்து எனக்கு சோறு இறங்கல. அதுக்கோசரம்தான் உன் மூஞ்சைப் பாக்க முடியல. நீ சொன்னதுக்கு மட்டும் இல்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெலுங்கில் சொல்வதா தமிழில் சொல்வதா என்று தெரியாமல் நின்றதுபோல் இருந்தது.

அசரியா நடுவில் புகுந்தார். வேறென்ன செய்வது என்று தெரியாதபோது மனிதர் கையில் இருப்பதைத்தானே நீட்டுவார். "அம்மா, உன் சர்டிபிகேட்டுக்கு ஒன்றும் வராது. நான் எழுதிவிடுகிறேன். இனிமேல் பயிற்சியிலேயே ஆகாயத்துக்கு ஒரு வார்த்தை, தரைக்கு ஒரு வார்த்தை என்று தனித்தனியாகக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம்."

"ஓட்டலாம் சார்," என்றாள் தேவசேனா. "தூரத்துல நின்னுக்கினு கத்தறதுக்கும் ஒரு ஆள் வேணுமே. அவன் கத்தறதைக் கேட்டதும் கை தானா போவணும். அன்னிக்கு அப்பிடித்தான் போச்சு. இனிமே யோசிச்சிட்டுத்தான் போவும்."

துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். புத்தூர் வழியாக நகரி போகிற பஸ் அந்நேரம்தான் திருப்பத்தில் வந்தது. கையை நீட்டினாள், நின்றது, ஏறினாள், கிளம்பியது.

சுரேஷ் அதுவரை அசையாமல் நின்றவன், பஸ் நகர்ந்ததும் ஓடினான். கட்டுப்போட்ட கையை மறு கையால் பிடித்துக்கொண்டு கோணலாக ஓடினான்.

"ஆப்பு. ஆப்பண்டி. பஸ்ஸை ஆப்பண்டி."

டிரைவர் பிரேக் போட்டார். பஸ் சாலையோரத்தில் நின்றது. இஞ்சின் உறுமிக்கொண்டேயிருந்தது. அசரியா கேட்டுக்குப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார். ஒரு வண்டி நிற்பதற்கு அணைய வேண்டியதில்லை என்பது அந்தச் சாலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த வார்த்தையை அவரும் பிறந்தது முதல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

சுரேஷ் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு பேசினான். அவள் முகம் தெரியவில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, ஏறுவதானால் ஏறு இல்லாவிட்டால் விடு என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டார்கள். அவன் ஏறவில்லை. கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் போயிற்று. அது திருப்பத்தில் மறைகிறவரை நின்றுவிட்டு, அவன் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாள் அப்பா?"

"கட்டுப் பிரிச்ச அப்புறம் வரச் சொன்னா சார்."

"நல்லதுதானே. போய்ப் பார்."

சுரேஷ் தலையை ஆட்டினான். மேஜை மேல் கட்டியிருந்த டிரோனையும், பக்கத்தில் அவள் வைத்துவிட்டுப் போன ரிமோட்டையும் பார்த்தான். சிவப்பு சுவிட்ச் இன்னும் கீழே தட்டினபடியே இருந்தது. அதை இடது கை விரலால் பழையபடி மேலே தூக்கி வைத்தான்.

"வாங்கன்னா சார்," என்றான். "கட்டுப் பிரிச்சிட்டு வாங்கன்னு, வெளி ஆளுக்குச் சொல்ற மாதிரி. பாவான்னு சொல்லல."